தோட்டத்துக் காளானும் நம் பாட்டிமார் அறிவும்

(மலேசியாவின் சுங்கை ஆயர் தாவார் வட்டாரத் தமிழ் மக்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி, பள்ளி, கோயில், வேலைவாய்ப்பு என்று பேசுவதற்கு எத்தனையோ இருக்கும்போது காளானைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழர் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டுச் சேர்த்த அறிவு ஒன்று உண்டு. அது எந்தப் பாடநூலிலும் இல்லை. மழைக்கு மறுநாள் காலையில் முளைத்து நிற்பதில் எது குழம்புக்கு ஆகும், எது ஆளைக் கொல்லும் என்று பிரித்தறிகிற அறிவு அது. பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. வாய்வழியாகவும் கைவழியாகவும் மகளுக்கும் மருமகளுக்கும் போனது. இன்று அது பாதி மறைந்து பாதி நிற்கிறது. முழுவதும் மறந்தவர் காளானைத் தொடமாட்டார், அவருக்கு ஆபத்தில்லை. முழுவதும் தெரிந்தவருக்கும் ஆபத்தில்லை. ‘பாட்டி பறித்தது இப்படித்தான் வெள்ளையாக இருந்தது’ என்று அரைகுறையாக நினைவு வைத்திருப்பவரைத்தான் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

காளான் எப்போது வரும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். குளிர்நாடுகளில் காளான் தேடுவோர் வசந்தத்துக்காகக் காத்திருப்பார்கள். மோரல் என்றொரு காளான். தலை முழுவதும் குழிகுழியாக, உள்ளே வெற்றிடமாக இருக்கும். காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் அதைக் குச்சி என்கிறார்கள். பனி உருகி மண் சூடேறுகிற மார்ச் முதல் மே வரை மலைக்கிராமத்துக் குடும்பங்கள் காடு ஏறுகின்றன. குனிந்து, சருகை விலக்கி, ஒன்று ஒன்றாகப் பொறுக்கி, உலர்த்தி விற்கிறார்கள். உலர்ந்த குச்சி கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அமெரிக்காவிலோ முந்தின ஆண்டு காட்டுத் தீ எரிந்த இடத்தைக் கேட்டறிந்து, அடுத்த வசந்தத்தில் அங்கே கூடையோடு போகிறார்கள்.

நமக்கு வசந்தமும் இல்லை, பனியும் இல்லை. மழைதான் நமக்கு. பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் மாலை வேளையில் இடியோடு கொட்டுகிறதே, அந்த மழைதான் நம் காளான் காலம். காஷ்மீரத்துக் குச்சி இந்தச் சூட்டில் முளைக்காது. ஆனால் அந்த மலைமக்கள் தங்கள் காட்டை அறிந்தது போலவே நம்மவர் தோட்டத்தை அறிந்திருந்தார்கள்.

அறிந்ததற்குக் காரணம் தொழில். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசையான நிரைக்குள் இறங்குவார்கள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். காளானும் இரவோடு இரவாக மண்ணைப் பிளந்துகொண்டு வந்து விடியற்காலையில் விரிகிறது. வெயில் ஏறினால் வாடும். மதியத்துக்குள் புழு வைக்கும். ஆகவே தோட்டத்தில் காளானை முதலில் கண்டவர்கள் வெட்டுக்காரர்கள்தாம். எந்த நிரையில், எந்த மேட்டில், எந்தப் பட்டமரத்தடியில் போன மழைக்கு வந்தது என்பதெல்லாம் மனக்கணக்கில் இருக்கும். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும் வழியிலேயே கண் அங்கே போகும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெல்லாம் வழிந்து வீணாகும். கோப்பையில் மழைநீர் சேரும். நாட்சம்பளக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. அடைமழை வாரங்களில், தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்து வீடுகளில் சட்டி காய்ந்தது. அதே மழைதான் மறுநாள் விடியலில் காளானையும் கொண்டுவந்தது. கூலியைப் பறித்த மழையே கறிக்கும் வழி காட்டியது.

நம் பழைய இலக்கியத்திலும் காளான் பசியின் பக்கத்தில்தான் நிற்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணனின் அடுக்களையைக் காட்டுகிறார். பழைய சுவரைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதியில் காளான் பூத்திருக்கிறது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும்போதும் நெருப்பே காணாத அடுப்பில் காளான் முளைத்ததைச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் காளான் என்றால் அடுப்பு எரியவில்லை என்று பொருள். தோட்டத்தில் நம் பெண்கள் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். காளான் முளைத்ததால் அடுப்பு எரிந்தது. இந்தத் திறமையை நாம் பெருமையாக நினைக்க வேண்டும். வறுமைக்கால நினைவு என்று வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

சரி, எந்தக் காளான்களை அவர்கள் அறிந்திருந்தார்கள்? முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது புற்றுக்காளான். மலாய்க்காரர் செண்டாவான் பூசுட் என்று கொண்டாடுவதும் இதைத்தான். சிறுவயதில் எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டியின் பின்னால் நான் இதற்காகப் போயிருக்கிறேன். குடை விரிந்து நிற்பதைக் கண்டதும் நான் கையை நீட்டுவேன். பாட்டி தடுத்துவிடுவார். “குடையப் பாக்காத தம்பி, வேரப் பாரு” என்பார். கையில் ஒரு பழைய வெட்டுக்கத்தி. காளானைச் சுற்றி மண்ணை மெதுவாகக் கிளறுவார். தண்டு மண்ணுக்குள் நுழைந்த இடத்தில் முடியாது. வரவர மெலிந்து, வெள்ளை வேராகி, நேராகக் கீழே போகும். சாண் ஆழம் போகும், சில சமயம் முழங்கை ஆழமும் போகும். அது ஒடியாமல் வர வேண்டும் என்பதற்காகப் பாட்டி குந்தி உட்கார்ந்து பொறுமையாகத் தோண்டுவார். அடியில் கறையான் கூடு தெரியும். தவிட்டு நிறத்தில், தொட்டால் நொறுங்குகிற கட்டி. அதன் மடிப்புகளில் கடுகளவு வெள்ளைப் பொட்டுகள். அதைக் காட்டிவிட்டு உடனே மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். “இது அதுங்க சோறு. மேல வந்தத நாம எடுத்துக்கலாம். அடியில கைய வைக்கக் கூடாது” என்பார். வேர் கூட்டில் போய் முடிந்தால் மட்டுமே காளான் மடிக்குள் போகும். முடியவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே கிடக்கும்.

பாட்டி சொன்னதில் எவ்வளவு அறிவியல் இருந்தது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கறையான்கள் விவசாயம் செய்பவை. காய்ந்த இலை, சுள்ளி, பட்ட மரம் எல்லாவற்றையும் மென்று விழுங்கி, செரிக்காத கழிவைக் கூட்டுக்குள் கட்டியாக வைக்கின்றன. அந்தக் கட்டியில் பூஞ்சை வளர்கிறது. மரத்திலுள்ள கடினமான பொருளைக் கறையானால் செரிக்க முடியாது. பூஞ்சை அதைப் பதமாக்கித் தருகிறது. பாட்டி காட்டிய வெள்ளைப் பொட்டுகள்தாம் கறையானின் உணவு. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கூட்டு இது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மட்டுமே இருக்கிறது. மழையில் மண் நன்றாக நனைந்ததும் அந்தப் பூஞ்சை கூட்டிலிருந்து வேர் நீட்டி, மண்ணைத் துளைத்து, மேலே குடை விரிக்கிறது. குடையின் நடுவில் கூரிய முனை இருப்பதும் மண்ணைத் துளைத்து வருவதற்காகத்தான்.

இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்று 1942-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். தென்னிந்தியாவில் கிடைக்கிற ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் விவரித்து, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார். அதே டெர்மிடோமைசிஸ் ஹைமி மலேசியாவிலும் முளைக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்து இறங்கியபோது மரமும் மொழியும் ஆட்களும் புதிதாக இருந்தன. ஆனால் மண்ணில் முளைத்த இந்தக் காளான் அவர்களுக்குப் பழக்கமானதுதான். தஞ்சாவூரிலும் சேலத்திலும் ஈசல் பறந்த மழைக்குப் பிறகு புற்றடியில் தேடியவர்கள், இங்கேயும் புற்றடியில் தேடினார்கள். இன்றுவரை இதைத் தோட்டப்பயிராக வளர்த்து விற்பனைக்குக் கொண்டுவர யாராலும் முடியவில்லை. கறையான் இல்லாமல் அது குடை விரிக்க மறுக்கிறது. அதனால்தான் சந்தையில் அதற்கு இவ்வளவு மதிப்பு.

இரண்டாவது, பால்மரக்கட்டையில் வருவது. விசிறி வடிவில், சாம்பல் கலந்த வெள்ளையில், விரல்நக அளவிலிருந்து இரண்டு விரல் அகலம் வரை அடுக்கடுக்காக முளைக்கும். மலாயில் செண்டாவான் குக்கூர். வயதான பால்மரங்களை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிற காலத்தில், கிடக்கும் கட்டைகளில் இது நிறைய வரும். கீழ்ப்புறத்தில் உள்ள மடல்கள் நடுவில் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டுகொள்ளும், மழை பட்டதும் மறுபடி விரியும். தோல் போலக் கடினமானது. முதலில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மஞ்சளும் மிளகாயும் தட்டிப்போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடுவார்கள். மலாய்க் கிராமமான கம்பத்துச் சமையல் நம் லயத்துக்குள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று. நம் பெண்களும் கம்பத்துப் பெண்களும் ஒரே கட்டையடியில் நின்று பேசிப் பழகியிருக்கிறார்கள்.

மூன்றாவது, எண்ணெய்ப் பனையான செம்பனை வந்த பிறகு வந்தது. செம்பனையின் கதையே நம் வட்டாரத்தின் கதை. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்தார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. 1960-களிலிருந்து பால்மரம் சாயச் சாயச் செம்பனை எழுந்தது. ஆலையில் பழத்தை உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலை, வந்த குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். அதைக் கொண்டுவந்து தோட்டத்தில் உரமாகப் பரப்புகிறார்கள். அந்தக் குவியல் நனைந்து சூடேறும்போது வைக்கோல் காளான் முளைக்கிறது. மலாய்க்காரர் செண்டாவான் சாவிட் என்பது இதைத்தான். முதலில் சாம்பல் நிற முட்டையாக வரும். முட்டை கிழிந்து குடை எழும். கிழிந்த உறை அடியில் கிண்ணமாக நிற்கும். முட்டையாக இருக்கும்போதே பறித்தால் சுவை அதிகம். ஒரு விஷயம், இந்தக் காளானைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். முப்பது டிகிரிக்கு மேல் சூட்டில் பிறந்தது அது. குளிர் பட்டால் நீர்விட்டுக் கூழாகிவிடும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். இங்கே கூடியிருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் திப்ருகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். லயத்தில் வாழ்ந்து, மழைக்குப் பின் காளான் பறித்து, குடும்பமாக உட்கார்ந்து உண்டவர்கள். நம்மைப் போன்ற மக்கள். காளான் புதிது என்பவர்களா அவர்கள்? இல்லை. ஆண்டுதோறும் பறித்தவர்கள். ஒரே ஒரு முறை ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. 2012 புத்தாண்டையொட்டி ஆஸ்திரேலியாவின் கன்பராவில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு சமையல்காரர் தாமே பறித்த காளானைச் சமைத்து நண்பர்களோடு உண்டார். அவரும் உடன் உண்ட ஒருவரும் இறந்தார்கள். அவர் வைக்கோல் காளான் என்று நம்பிப் பறித்தது உலகின் மிகக் கொடிய அமானிட்டா இனத்துக் காளான். அதுவும் முட்டையாகத்தான் வரும். அதற்கும் அடியில் உறைக்கிண்ணம் இருக்கும். சொந்த நாட்டில் கற்ற அறிவை வேறு மண்ணில் அப்படியே நம்பியதுதான் அவரைக் கொன்றது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குலைக்குவியலில் கண்ட முட்டையையும் காட்டோரத்தில் கண்ட முட்டையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

அமானிட்டா நஞ்சின் வஞ்சகம் அதன் தாமதத்தில் இருக்கிறது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும். வீட்டார் நிம்மதி அடைவார்கள். அந்த நேரத்தில்தான் நஞ்சு கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. ஆகவே காளான் சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வயிறு கலங்கினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தேறியது போலத் தோன்றினாலும் போங்கள். மிச்சமிருக்கும் காளானையும் தோலையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நஞ்சு மையத்தைக் கலந்து பேச மருத்துவருக்கு அது உதவும்.

நம் ஊரில் அடிக்கடி ஏமாற்றுகிறவன் வேறொருவன். புல்வெளி, பள்ளித் திடல், காற்பந்துத் திடல், வீட்டு முற்றம் எங்கும் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதில்களோடு வட்டமாக நிற்கும். பார்ப்பதற்குப் புற்றுக்காளானைப் போலவே இருக்கும். பிஞ்சில் அதன் மடல்கள் வெள்ளை. முற்றும்போது பச்சை கலந்த நிறமாகும். உண்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். உயிர் போவது அரிது. ஆனால் குழந்தைகளையும் முதியவர்களையும் படுக்கையில் தள்ளிவிடும். இந்த இடத்தில்தான் பாட்டியின் வேர்ச் சோதனைக்கு வேலை. புல்லடியில் தோண்டினால் நீண்ட வேரும் இராது, கறையான் கூடும் இராது.

ஆனால் எல்லாப் பழஞ்சொல்லும் பாட்டியின் வேர்ச் சோதனை போல உண்மை அல்ல. குழம்பில் வெள்ளிக்காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பது, அரிசியோ பூண்டோ மஞ்சளோ நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்று நினைப்பது, இவையெல்லாம் பொய். இவற்றை நம்பி உயிர் விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. நத்தைக்கு நஞ்சாகாதது மனிதனைக் கொல்லும். பாட்டி சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். எது சோதித்தால் நிற்கிறதோ அதை ஏற்போம்.

உண்ணக் கூடியது என்று உறுதியான காளானைக்கூட அரைவேக்காட்டில் உண்ணக் கூடாது. முதலில் சொன்னேனே மோரல், கிலோ ஆயிரக்கணக்கில் விற்பது. 2023 வசந்தத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் அதைப் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறியதில் 51 பேர் நோயுற்றார்கள். 2 பேர் இறந்தார்கள். அது காட்டில் பறித்ததுகூட இல்லை, பண்ணையில் வளர்த்தது. காளானை முழுவதுமாக வேகவைப்பது நம் சமையலின் பழைய ஒழுங்கு, அதை விடாதீர்கள்.

மாணவர்கள் பள்ளியிலேயே செய்துபார்க்கக் கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாதி வெள்ளையும் மறுபாதி கறுப்புமாகக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிந்த காளானின் தண்டை நறுக்கிவிட்டு, குடையை மடல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி இரண்டு நிறத்தின் மேலும் படுமாறு கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், மடல்களின் வரிசை அப்படியே பொடியாகக் காகிதத்தில் விழுந்திருக்கும். அந்தப் பொடிதான் காளானின் வித்து. புல்வெளிக் குடை பச்சைப் பொடி விடும். வைக்கோல் காளான் இளஞ்சிவப்பு. புற்றுக்காளான் வெளிறிய இளஞ்சிவப்பு. அமானிட்டா வெள்ளை, அதைப் பார்க்கத்தான் கறுப்புத் தாள். மழைக்காலத்தில் ஒரு வகுப்பு மாணவர்கள் பத்துக் காளானுக்கு இப்படிப் பதிவு எடுத்தால், அவர்கள் கண் கூர்மையாகிவிடும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சோதனை ‘இது அது இல்லை’ என்று சொல்லும். ‘இது உண்ணத் தக்கது’ என்று ஒருபோதும் சொல்லாது. இளஞ்சிவப்புப் பொடி விடுகிற நச்சுக் காளான்களும் உண்டு. படிப்பதற்காக எடுத்த காளான் சட்டிக்குப் போகக் கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்து, பாட்டி காலத்தில் இல்லாத அளவுக்கு இன்று வளர்ந்துவிட்ட ஓர் ஆபத்து. மருந்து. களைக்கொல்லி தெளிக்கிற வேலையில் நம் பெண்கள் எத்தனை ஆண்டுகள் முதுகில் தொட்டியைச் சுமந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. அவர்கள் தெளித்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனாலும் மற்ற மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. செம்பனையின் அடியைச் சுற்றி வட்டமாக மருந்து அடிக்கிறார்கள். காளானோ மண்ணிலுள்ளதை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிற உயிர். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்க்கும். ஆகவே காளான் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் நல்லதாக இருக்க வேண்டும். மருந்து அடித்த நிரை, பெருஞ்சாலை ஓரம், ஆலைக் கழிவு ஓடும் கால்வாய்க் கரை, குப்பைமேடு, இந்த நான்கு இடத்திலும் பறிக்காதீர்கள். எந்தப் பகுதியில் எப்போது மருந்து அடித்தார்கள் என்பதை மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

தோட்டத்துக் காளான் என்றால் உண்பது மட்டும் அல்ல. கண்டதும் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. செம்பனையின் அடிமரத்தில், பழுப்புச் சிவப்பில், வெள்ளை விளிம்போடு பலகை போலக் கெட்டியாக ஒரு காளான் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கானோடெர்மா. அது வெளியே தெரியும்போது மரத்தின் உட்பகுதி பெருமளவு அழுகிப்போயிருக்கும். மலாயாவில் 1931-இலேயே தாம்ப்சன் என்ற ஆய்வாளர் இந்த நோயைப் பதிவு செய்தார். முதலில் வயதான மரங்களை மட்டுமே தாக்கும் என்று நினைத்தார்கள். பிறகு, தென்னை இருந்த கடற்கரைக் களிமண் நிலத்தில் செம்பனை நட்டபோது இளமரங்களும் சாயத் தொடங்கின. பழைய தென்னையின் அடிக்கட்டையில் பிழைத்திருந்த பூஞ்சை புது மரத்துக்குத் தாவியது. கோலா சிலாங்கூரிலிருந்து சாபாக் பெர்ணம் வரை நம் கரையோரம் இந்தக் கதைக்கு நேர்ச் சாட்சி. இதற்கு இன்றும் முழுமையான மருந்து இல்லை. நோயை முதலில் காண்பவர் குலை வெட்டுகிறவரும் உதிரிப் பழம் பொறுக்குகிறவரும்தான். மடல் விரியாமல் நிற்கும் குருத்து, தொங்கிய கீழ்மட்டை, அடியில் காளான் என்று அவர்கள் கண்டு சொன்னால்தான் பக்கத்து மரங்களைக் காக்க முடியும். தொழிலாளியின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கண்தான் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. தோட்டங்கள் விலைபோயின, லயங்கள் இடிந்தன, நம் மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், முன்னேற வேண்டும் என்பதற்காகத்தான் பெற்றோர் விடியுமுன் எழுந்து மரம் வெட்டினார்கள். ஆனால் வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய நாம், பாட்டியின் அறிவை ஏற்ற மறந்துவிட்டோம். நம்மைவிடச் சிறிய சமூகமான ஓராங் அஸ்லி மக்கள் அறிந்த காளான்களை மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் அறிஞர்கள் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அது நல்ல வேலை. தோட்டத்துத் தமிழர் அறிந்ததையும் அப்படிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முதல் அடி நாமே எடுத்துவைக்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

பெரியவர்களே, தாய்மார்களே, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த காளானை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஐயம் இருந்தால் ‘தெரியாது’ என்று துணிந்து சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், குந்தி உட்கார்ந்து, வேர்வரை தோண்டிக் காட்டுங்கள். புற்றை இடிக்காமல், வந்ததையெல்லாம் வழித்தெடுக்காமல், முற்றிய சிலவற்றை வித்துக்கு விட்டு வரும் ஒழுங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, கைத்தொலைபேசியில் படம் எடுத்து அது சொல்லும் பெயரை நம்பிச் சட்டியை ஏற்றாதீர்கள். படம் மேலே உள்ள குடையை மட்டுமே பார்க்கிறது. ஒரு காளானை ஒரு முழு மழைக்காலம் பாருங்கள்: முட்டையாக, விரிந்ததாக, முற்றியதாக, அழுகியதாக. அதன் பிறகுதான் அதைத் தெரியும் என்று சொல்லலாம்.

ஆசிரியர்களே, பள்ளியில் ஒரு காளான் பதிவேடு தொடங்குங்கள். நாள், இடம், மழை பெய்த நேரம், வித்துப்பொடியின் நிறம், ஊர்ப் பெரியவர் சொன்ன பெயர், இவ்வளவும் எழுதினால் போதும். ஒரு பக்கம் உண்ணத்தக்கவை, எதிர்ப்பக்கம் அவற்றைப் போலத் தோன்றும் நச்சுக்காளான். சாபாக் பெர்ணம், கோலா சிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகள் எல்லாம் சேர்ந்து சில ஆண்டுகள் இதைச் செய்தால், இந்தக் கரையோரத்துக் காளான்களைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கையேடு உருவாகும். அதைப் பார்த்து ஒரு குடும்பம் நச்சுக்காளானைத் தவிர்த்தால்கூட நம் உழைப்பு வீணாகாது. அடுத்த மழை வருமுன் தொடங்குவோம்.